ஊக்கு குத்திய நூறாண்டு

உலகப் புகழ்பெற்ற ஆடை வரலாற்று அறிஞர் என்று என்னை முதன்முதலில் அழைத்தவர் சங்ககிரியில் பிளெக்ஸ் பேனர் அடிப்பவர். ஈப்போவில் நான் கடை வைத்திருக்கும் தெருவில் பாதிப் பேருக்கு என் பெயர்கூடத் தெரியாது. பஞ்சாபி சூட் தைக்கிற அக்கா என்றால்தான் தெரியும். தமிழ்நாட்டுச் சுடிதாருக்கு மலேசியாவில் அதுதான் பெயர். வாரத்தில் இரண்டு நாள் ஒரு தனியார் கல்லூரியில் ஆடை வரலாறு நடத்துகிறேன். மீதி நாளெல்லாம் தீபாவளி ரவிக்கை எங்கே என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பதிலேயே போய்விடும்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆடை வடிவமைப்புத் துறை இருக்கிறது. அதன் இறுதியாண்டு மாணவர்கள் 'நூறாண்டு நாகரிகம்' என்று மேடை நிகழ்ச்சி நடத்துகிறார்கள், நடுவராக வர வேண்டும் என்றார்கள். என்னை ஏன் என்று கேட்டேன். தொலைபேசியில் பேசிய பேராசிரியை ஒளிக்காமல் சொன்னார். "அழைப்பிதழ்ல சர்வதேசம்னு போடோணுங்க மேடம். அதுக்கு வெளிநாட்டுல இருந்து ஒருத்தராச்சும் வரோணுங்க." ஈப்போ போதுமான வெளிநாடுதான் என்று அவர்களே தீர்மானித்திருந்தார்கள். எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். கல்லூரிக் கார் வந்தது, ஆனால் என்னை ஏற்றாமல் போய்விட்டது. ஓட்டுநர் பழனிசாமியிடம் 'வெளிநாட்டு மேடம்' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் கைத்தறிச் சேலையும் தலையில் மல்லிகைச் சரமுமாக நின்றேன். எனக்குச் சற்றுத் தள்ளி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கிழிந்த ஜீன்ஸுமாக ஒரு பெண் நின்றாள். பழனிசாமி நேராகப் போய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அவளும் தான் சொல்லிவைத்த டாக்சி வந்துவிட்டது என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் கல்லூரிக்குப் போன் செய்தால், "மேடம் வந்துட்டே இருக்காங்க" என்று பதில். எந்த மேடம் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள்.

ரயில்வே குடியிருப்பை ஒட்டிய சூரமங்கலம் கடையொன்றில் தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இரண்டு நிறச் சட்னியும். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குப் பெயர் வாங்கிய கடைக்காரர்கள் ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும். கையும் வாயும் சிவந்த பிறகு டவுன் பஸ்ஸில் புதுப் பேருந்து நிலையம் போய், அங்கிருந்து திருச்செங்கோட்டுப் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஜன்னல்தான் மூடவில்லை.

சங்ககிரியில் பேருந்து நின்றபோது ஆண்களின் நாகரிகத்தைக் கவனிக்க நேரம் கிடைத்தது. லாரி அதிபர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள், நிலபுலன் உள்ளவர்கள் எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமாக நிற்கிறார்கள். கஞ்சி போட்ட சட்டை, கரை வேட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மெல்லிய சட்டைப் பை. பக்கத்தில் கிரீஸும் டீசலும் ஆறாக ஓடுகின்றன, ஒரு துளி அந்த வெள்ளையில் படுவதில்லை. வேலை செய்கிறவன் நானில்லை என்று வாயைத் திறக்காமல் சொல்வதற்கு உலகம் எத்தனையோ உடைகளைக் கண்டுபிடித்திருக்கிறது. ஐரோப்பியச் சீமான்கள் அதற்குப் பட்டும் சரிகையும் பொய்முடியும் தேடினார்கள். இவர்களுக்கு ஒரு சலவைக்காரர் போதும்.

பழனிசாமி சங்ககிரிச் சுங்கச்சாவடி அருகில் விஷயம் புரிந்து, அந்தப் பெண்ணைத் திரும்பச் சேலத்தில் விட்டுவிட்டு, எனக்கு முன்னாலேயே கல்லூரி வாசலில் நின்றார். "மன்னிச்சுப்போடுங்க மேடம். நீங்க நம்மூருப் பொம்பளையாட்டவே இருந்தீங்க, அதானுங்க கவனிக்கல." வகுப்பில் வருடம் தவறாமல் 'உடை பேசும்' என்று பாடம் எடுப்பவள் நான். அது என்னை நடைமேடையில் விட்டுவிட்டுப் போகும் அளவுக்குப் பேசும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலை விருந்தினர் விடுதியில் பசியாற உட்கார்ந்தேன். அவித்த முட்டை, ஆம்லெட், முட்டைத் தோசை, தோசைக்குத் தொட்டுக்கொள்ள முட்டைக் குழம்பு. முட்டை இல்லாமல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். பரிமாறியவர் என்னைக் கவலையோடு பார்த்து, "உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். நாமக்கல் சமவெளியில் முட்டையை மறுப்பவர்கள் நோயாளிகள் மட்டும்தான் போலிருக்கிறது.

கல்லூரி வாசலில்தான் இந்தப் பயணத்தின் முக்கியமான காட்சியைக் கண்டேன். பெண்கள் ஒரு வரிசை, பையன்கள் ஒரு வரிசை. பையன்கள் சட்டையை உள்ளே விட்டிருக்க வேண்டும், தாடி கூடாது, ஜீன்ஸ் கூடாது. பெண்கள் சுடிதார் போட வேண்டும், லெக்கிங்ஸ் கூடாது, தலை பின்னியிருக்க வேண்டும், அடையாள அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஷாலை மடித்து இரண்டு தோளிலும் ஊக்கு குத்தியிருக்க வேண்டும். ஒழுங்குக் கமிட்டியின் மல்லிகா மேடம் ஒவ்வொரு தோளாகத் தொட்டுப் பார்த்து உள்ளே விடுகிறார். கணிதம் நடத்துபவராம். ஆடை வடிவமைப்பு மாணவிகளுக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். "அவங்களுக்குத்தானுங்க முக்கியமாப் பாக்கோணும். இல்லீன்னா என்னத்தையாச்சும் தெச்சுப் போட்டுட்டு வந்துருவாங்க" என்றார்.

பிற்பகலில் ஒத்திகை. ஒவ்வொரு அணியும் ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு உடை தைத்திருந்தது. பிள்ளைகள் நன்றாகவே படித்திருந்தார்கள். ஆனால் மேடைக்கும் அவர்களுக்கும் நடுவே மல்லிகா மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு மேல்நாட்டுப் பெண்கள் கூந்தலை வெட்டி, முழங்கால் தெரியும் குஞ்சம் வைத்த கவுன் போட்டு ஆடினார்கள். இங்கே அந்தக் கவுனுக்கு அடியில் முழுக்கால் பேண்ட் வந்தது, மேலே ஷால் வந்தது, வெட்டிய கூந்தல் ஒற்றைச் சடையானது. இரண்டாம் போர் முடிந்து வந்த ஒடுங்கிய இடையும் குடை விரித்த பாவாடையும் அடுத்து. பாவாடைக்கு அனுமதி, இடைக்கு இல்லை. அறுபதுகளின் மினி ஸ்கர்ட் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. அறிவிப்பாளரின் வாயில் மட்டும் அது மினியாகவே இருந்தது.

பையன்கள் ஹிப்பிகளாக வந்தார்கள். மழுங்கச் சிரைத்து, சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் மணிமாலை போட்டிருந்தார்கள். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் சபரிமலைக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது. தொண்ணூறுகளின் கிழிந்த ஜீன்ஸ் இளைஞனுக்குக் கிழிசல்களையெல்லாம் அழகாகத் தைத்து அடைத்து, கட்டம்போட்ட சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். எண்பதுகளின் தோள்பட்டை வைத்த கோட்டுக்கு மட்டும் ஒரு தடையும் வரவில்லை. தோள் கெட்டியாக இருந்தால் ஊக்கு நன்றாக நிற்கும் என்றார் மல்லிகா மேடம். நூறாண்டு நாகரிகமும் வரிசையாக வந்து நின்றபோது கல்லூரிச் சீருடையில் பத்து விதம் பார்த்தது போல இருந்தது. நான் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினேன்.

அந்த வரிசையில் சேராதவள் எழுபதுகளின் பங்க் பாணியை எடுத்திருந்த கோகிலா. லண்டனில் வேலை கிடைக்காத இளைஞர்கள் கிழிந்த சட்டையும் சங்கிலியும் ஊக்குமாகத் தெருவில் நின்ற காலம். கோகிலாவின் அப்பா சங்ககிரியில் லாரி கேபினுக்கு சீட் தைக்கிறவர். அவர் கடையில் மிஞ்சிய கறுப்பு ரெக்சினில் இவள் ஒரு ஜாக்கெட் தைத்திருந்தாள். முதுகு முழுக்க லாரி அலங்காரக் குமிழ்கள், ஒரு கை வேண்டுமென்றே பாதியில் பிய்ந்தது. ஈப்போவில் என் கல்லூரியில் அப்படி ஒரு தையலை நான் பார்த்ததில்லை. உண்மையாகவே பொறாமையாக இருந்தது.

"என்ன சாமி இது, பிச்சைக்காரி வேசம்?" என்றார் மல்லிகா மேடம். ஜாக்கெட்டை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார். "நாளைக்கு ஒழுங்கா சுடிதார் போட்டு, ஷாலுக்குப் பின் குத்திட்டு வா. இல்லீன்னா மேடை ஏறாத." மேடை ஏறாவிட்டால் கோகிலாவுக்கு இறுதித் திட்டப்பணி மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாவிட்டால் பட்டமும் இல்லை. இது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தேநீர் நேரத்தில் கோகிலா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். போன பருவத்தில் அவள் அறைத்தோழி சத்யாவுக்கு வழியில் ஒரு ஊக்கு அறுந்துவிட்டதாம். மாதிரித் தேர்வு முடியும்வரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். கல்லூரிப் பேருந்துகளில் வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு சத்யா கல்லூரிக்கு வரவேயில்லை. "அவ எங்களையெல்லாம் விட நல்லாத் தெப்பாங்க மேடம்" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஆசிரியைக்கு உரிய புத்திதான் வாயில் வந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு அவர்கள் சொன்னதைப் போட்டு நட, பட்டத்தை வாங்கிக்கொள் என்றேன். அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்ப நீங்களும் பின் குத்தற ஆளுதானுங்களா?"

கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் அவள் திருச்செங்கோட்டுக் கடைவீதிக்குப் போக அனுமதி கேட்டதாகவும், ஊக்கு வாங்க என்றதும் உடனே கொடுத்துவிட்டதாகவும் மல்லிகா மேடம் மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் நிகழ்ச்சி. தாளாளர் ஐயா முன்வரிசை சோபாவில் வந்து அமர்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. முதலில் கோழிப் பண்ணை வைத்திருந்தார், பிறகு ரிக் வண்டி விட்டார், பிறகு கல்லூரி கட்டினார் என்று பழனிசாமி பெருமையாகச் சொல்லியிருந்தார். மாணவியர் விடுதியைச் சுற்றிப் பார்த்தபோது கோழிப் பண்ணை அனுபவம் வீண்போகவில்லை என்று எனக்கும் தோன்றியது.

குஞ்சம் வைத்த சுடிதார், குடை விரித்த சுடிதார், மினிச் சுடிதார் எல்லாம் வந்து போயின. கைதட்டல் மரியாதையாக இருந்தது. பிறகு அரங்கத்தில் ஒரு சலசலப்பு. கோகிலா வந்தாள்.

கல்லூரிச் சுடிதார். இரட்டைச் சடை. கழுத்தில் அடையாள அட்டை. தோளில் மடித்த வெள்ளை ஷால். அந்த ஷாலில் வெள்ளையே தெரியாதபடி ஊக்கு. தோளிலிருந்து முழங்கால்வரை வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று கோத்து, மீன் செதில் போல மின்னியது. சடையில் ஊக்கு, காதில் தோட்டுக்குப் பதில் ஊக்கு. ஒவ்வோர் அடிக்கும் சலங்கை கட்டியது போலச் சத்தம். மல்லிகா மேடம் எழுந்து நின்று குற்றம் தேடினார். ஷால் இருக்கிறது, பின் இருக்கிறது, சடை இருக்கிறது, அட்டை இருக்கிறது. ஒரு விதியும் மீறப்படவில்லை. வாயைத் திறந்தபடி மறுபடி உட்கார்ந்தார். பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த கைதட்டல் இந்தமுறை மரியாதையாக இல்லை.

அதைவிட ஆச்சரியம், தாளாளர் எழுந்து மேடைக்கே போய்விட்டார். மைக்கை வாங்கினார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாருங்க! இதுதானுங்க ஒழுக்கம்! ரெண்டு பின்னு குத்துன்னா நம்ம புள்ள எத்தன பின்னு குத்தியிருக்குது பாருங்க! இது எந்த நாட்டு ஸ்டைலு சாமி?"

"லண்டனுங்க ஐயா."

"அந்த ஊருப் புள்ளைங்க எதுக்கு இப்படிப் போட்டாங்க? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

கோகிலா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எதையாவது சொல்லி இறங்கிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் பட்டம் அந்த மேடையில் நின்றுகொண்டிருந்தது.

"கோவத்துலங்க ஐயா."

"கோவமா?" தாளாளர் சிரித்தார். "யாரு மேல சாமி கோவம்?"

"அவங்களுக்கு அவங்க ஊருப் பெரிய மனுசங்க மேலங்க. எனக்கு உங்க மேலதானுங்க ஐயா. ஒரு பின்னு அந்துபோச்சுன்னு சத்யாவப் பரீச்சை எழுத உடலீங்க. இது அவளுக்காவ போட்டதுங்க."

இத்தனை 'ங்க' போட்டு ஒருவரை எதிர்ப்பதை நான் எங்கும் கேட்டதில்லை. லண்டன் பங்க் இளைஞர்கள் கெட்ட வார்த்தையைக் கத்தினார்கள். கொங்குப் பெண் மரியாதை குறையாமல் கழுத்தைப் பிடித்துவிட்டாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யாரோ மைக்கை அணைத்தார்கள். தட்டுகிற கையை நிறுத்தும் வழி தெரியாமல், பரிசளிப்புக்கு முன்பே தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் விறைப்பாக நின்றோம்.

கோகிலாவுக்கே முதலிடம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. முட்டைகூட வரவில்லை.

நான்காம் நாள் காலை விருந்தினர் விடுதி வாசலில் கோகிலா பெட்டியோடு நின்றாள். தேர்வு நுழைவுச்சீட்டு கிடையாது, வீட்டுக்குப் போ என்றுவிட்டார்களாம். எனக்கு ஏற்பாடு செய்திருந்த காரும் ரத்து. பழனிசாமி தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். கோகிலாவின் அப்பா மாரிமுத்து, பின்னால் லாரி சீட்டுகள் அடுக்கிய மினி வேனில் வந்தார். வாட்டசாட்டமான மனிதர். மகளைத் திட்டப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு, அவள் செய்தது சரிதான் என்றேன்.

"சரியோ தப்போ, அத்தன பின்னும் ஒண்ணுகூடப் பிசகாம நிக்குதுங்களே" என்று அவள் பெட்டிமேல் கிடந்த ஷாலைத் தடவிப் பார்த்தார். "பட்டம் போச்சேங்கறதுதானுங்க வருத்தம்." எங்களை ஏற்றிக்கொண்டு வேனைக் கிளப்பினார். கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் மதியம் பள்ளிபாளையம் கோழி. எண்ணெயில் வதங்கிய சிவப்பு மிளகாயும் தேங்காய்ப் பல்லுமாக, கண்ணில் நீர் வரும் காரம். அழ வேண்டியவர்களுக்கு அது வசதியாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஊர்ப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். யாரோ எடுத்த காணொளி எங்கெங்கோ போய்விட்டது. 'சிங்கப் பெண்', 'இப்படி ஒரு மாணவியை வளர்த்த கல்லூரிக்கு வாழ்த்து' என்று முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கல்லூரிக்கு வாழ்த்து என்பதைத் தாளாளரும் படித்திருக்க வேண்டும். சாயங்காலமே மாரிமுத்துவின் போன் அடித்தது.

"ஏனுங்க மாரிமுத்து, நம்ம புள்ள கோவப்பட்டா நாம பொறுத்துக்க மாட்டமுங்களா? நாளைக்கே அனுப்பிவுடுங்க." ஒலிபெருக்கியில் போட்டு எல்லாரும் கேட்டோம். நுழைவுச்சீட்டு உண்டு, மதிப்பெண் உண்டு. "சத்யாவுக்குங்க?" என்று கோகிலா போனைப் பிடுங்கிக் கேட்டாள். "அதையும் பாத்துக்கலாஞ் சாமி" என்றது போன். மாரிமுத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். வென்றுவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சேலத்துக்குக் கிளம்பினேன். சங்ககிரி தாண்டியதும் சாலையோரத்தில் ஆட்கள் பெரிய பேனர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தபோது அங்கே தொங்கிய பேனரில் என் முகம் இருந்தது, இதில் இல்லை. ஊக்கு ஷாலோடு கோகிலா, இரண்டு ஆள் உயரத்தில். 'துணிச்சலான பெண்களின் கல்லூரி. மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது.' மூலையில் தாளாளர் வெள்ளையும் சொள்ளையுமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். லண்டன் தெருவின் கிழிந்த சட்டை பெரிய கடைகளின் கண்ணாடி அலமாரிக்கு ஏறச் சில வருடங்களாவது ஆயின. நாமக்கல் ஆட்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கோகிலா கூப்பிட்டாள். பின்னால் தையல் இயந்திரச் சத்தம் கேட்டது.

சத்யாவும் வந்துவிட்டாளாம், இனி பரீச்சை எழுதலாமாம். நல்ல செய்திதானே என்றேன். "நல்லதுதானுங்க" என்றவள் மீதியையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை கல்லூரி மைதானத்தில் உலக சாதனை முயற்சியாம். எல்லாப் பெண்களும் அவளுடையதைப் போலவே ஷால் முழுக்க ஊக்கு குத்திக்கொண்டு வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். ஊக்கு குறைந்தால் உள்ளே விடமாட்டார்கள். மல்லிகா மேடம் வாசலில் நின்று எண்ணிப் பார்ப்பார். சத்யாவுக்கு முதல் வரிசையில் இடம்.

"இனி நான் கோவத்துக்கு எதைப் போடறதுங்க மேடம்?"

இருபது வருடமாக ஆடை வரலாறு நடத்துகிறேன். நான் நடத்தும் பாடம் முழுக்க இந்தக் கேள்விதான் இருக்கிறது, யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. எனக்குத் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். இயந்திரச் சத்தம் நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுப்பது கேட்டது.

"பரவால்லீங்க. நானே தெச்சுக்கறேன்."